எல்லையூருக்கு ஓர் இரவு போதாது

துருக்கியின் கிழக்குக் கோடியில் தோவுபயாசித் என்றொரு ஊர் இருக்கிறது. துருக்கியிலிருந்து தரைவழியாக ஈரானுக்குப் போகும் பாதைகளில் பெயர்பெற்றது இந்த ஊரைத் தொட்டுச் செல்லும் பாதைதான். ஆனால் ஊரில் நிற்பவர்கள் குறைவு. மாலையில் வந்து இறங்கி, கிடைத்த அறையில் தூங்கி, விடிந்ததும் எல்லைக்கு வண்டி பிடித்துவிடுகிறார்கள். பயணிகள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் அறிவுரையும் அதுதான்: இஷாக் பாஷா அரண்மனையைப் பார், அராராத் மலையைப் படமெடு, கிளம்பு. இந்த அறிவுரையை நான் ஏற்கவில்லை. தரைவழிப் பயணம் என்று புறப்பட்டுவிட்டு எல்லையூரில் தங்காமல் போகிறவர், விமானத்திலேயே போயிருக்கலாம். இரண்டு நாடுகளை ஒரே கடைத்தெருவில் பார்க்க வேறு இடம் கிடையாது.

நான் வான் என்ற ஏரியின் கரையிலிருந்து வடக்கே ஏறும் சாலையில் வந்தேன். எர்சுரும் பக்கமிருந்து நேராக வரும் நெடுஞ்சாலை இதைவிட அகலமானது, வேகமானது. இருந்தாலும் வான் பாதையையே எல்லோருக்கும் சொல்வேன். எல்லை எப்படி உருவானது என்பது அந்தப் பாதையின் இருமருங்கிலும் தரையிலேயே கிடக்கிறது. முராதியே அருவியைக் கடந்ததும் சால்திரான் என்ற மேட்டுச் சமவெளி வருகிறது. புல், ஆட்டு மந்தை, தொலைவில் மண்நிறக் குன்றுகள், வேறொன்றும் இல்லை. 1514ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் ஒட்டோமான் சுல்தான் முதலாம் செலிமும் பாரசீகத்தின் ஷா இஸ்மாயிலும் மோதிக்கொண்ட பகுதி இது. செலிமிடம் பீரங்கிகளும் துப்பாக்கிக்காரர்களும் இருந்தார்கள். ஷா தன் குதிரைவீரர்களை நம்பினார். அன்று பாரசீகப் படை சிதறியதால்தான் கிழக்கு அனதோலியா, அதாவது இன்றைய கிழக்குத் துருக்கி, ஒட்டோமான்களின் கைக்குப் போனது. பிறகு நூறாண்டுக்கு மேல் இழுபறி. 1639இல் சுஹாப் உடன்படிக்கை வந்தபோது எல்லையின் பொதுவான போக்கு முடிவாயிற்று. உலகில் பல எல்லைகள் நேற்றுப் போட்டவை. இந்தக் கோடு அங்கங்கே வளைந்தும் நெளிந்தும் கிட்டத்தட்ட நானூறு ஆண்டுகளாக அதே பக்கத்தில் நிற்கிறது.

சமவெளி முடிந்ததும் தெந்துரெக் எரிமலையின் தோளில் சாலை ஏறுகிறது. கணவாய் 2,600 மீட்டருக்கு மேல். இருபுறமும் உறைந்துபோன எரிமலைக் குழம்பு கரிய பாறைகளாகச் சிதறிக் கிடக்கிறது. ராணுவக் காவலர்கள் பஸ்ஸை நிறுத்தி எல்லோருடைய அடையாள அட்டைகளையும் வாங்கிக்கொண்டு போனார்கள். திருப்பித் தரும்வரை யாரும் பேசவில்லை, யாரும் சலித்துக்கொள்ளவும் இல்லை. பழகிப்போன காத்திருப்பு அது. பஸ் மீண்டும் நகர்ந்து ஒரு வளைவில் திரும்பியதும் எதிரே அராராத் நின்றது.

5,137 மீட்டர் உயரம். இமயத்தில் இதைவிட உயரமான சிகரங்கள் எத்தனையோ உண்டு. அங்கே சிகரத்தைச் சுற்றிலும் சிகரங்கள் இருப்பதால் ஒன்றின் உயரம் இன்னொன்றில் கரைந்துவிடும். அராராத் தட்டையான சமவெளியிலிருந்து நேராக எழுகிறது. கோடையிலும் தலையில் பனி இருக்கிறது. அதன் வலப்பக்கம் கூம்புபோல நிற்பது சின்ன அராராத், 3,896 மீட்டர். துருக்கி, ஈரான், ஆர்மீனியா, அஜர்பைஜானின் நக்சிவான் என்று நான்கு நிலங்கள் இந்த இரட்டை மலையின் காலடியில் நெருங்கி வருகின்றன. ஆர்மீனியா தன் அரசுச் சின்னத்தில் வைத்திருக்கும் மலை இது. ஆனால் இருப்பது துருக்கியில். அந்த இரு நாடுகளுக்கு இடையிலான தரை எல்லையைத் துருக்கி 1993இல் மூடியது. மலையை மறுபக்கத்திலிருந்து தினமும் பார்க்கிற மக்கள், அதன் அடிவாரத்துக்கு வர வேறொரு நாட்டைச் சுற்றிக்கொண்டு வரவேண்டியிருந்தது.

சின்ன அராராத்தைப் பற்றி ஊரில் கேட்டால் பெரியவர்கள் 1930ஐப் பற்றிப் பேசுவார்கள். அந்த ஆண்டு இந்த மலைகளில் குர்து மக்களின் கிளர்ச்சி உச்சத்தை எட்டியது. அப்போது எல்லைக்கோடு சின்ன அராராத்தின் மேலேயே ஓடியது. கிளர்ச்சியாளர்கள் கிழக்குச் சரிவில் இறங்கினால் ஈரான். துருக்கிப் படை பின்தொடர முடியாது. கிளர்ச்சி ஒடுக்கப்பட்டபின் 1932இல் இரு நாடுகளும் நிலத்தைக் கைமாற்றிக்கொண்டன. சின்ன அராராத்தின் கிழக்குச் சரிவு துருக்கிக்கு வந்தது. ஈரானுக்குத் தெற்கே வேறிடத்தில் நிலம் கிடைத்தது. நான்கு நூற்றாண்டுப் பழமையான எல்லை என்றேனே, அதுவும் இப்படி ஒரு மலையை வளைத்துக்கொண்டு நகர்ந்திருக்கிறது. பழைய ஊர் அரண்மனைக்குப் பக்கத்தில் குன்றின் மேல் இருந்தது. 1930களில்தான் மக்கள் கீழே சமவெளிக்கு வந்து இன்றைய ஊரைக் கட்டிக்கொண்டார்கள். அதனால் கட்டடங்களில் பழமையைத் தேடி வருகிறவர்களுக்கு இந்த ஊர் ஏமாற்றமாக இருக்கும். சிமெண்டுக் கட்டடங்கள், தூசி, டயர் கடைகள், முடிதிருத்தும் கடைகள், இரண்டு அடிக்கு ஒரு தேநீர்க் கடை.

அந்தத் தேநீர்க் கடைகளில்தான் என் பகல்கள் கழிந்தன.

ஒரே மேசையில் எத்தனை மொழிகள் என்று கவனித்துக்கொண்டிருந்தேன். தங்களுக்குள் குர்து. அலுவலகக் காகிதம் என்றால் துருக்கி. ஈரான் லாரி ஓட்டுநர் உள்ளே வந்தால் அவர் பேசும் அஜர்பைஜான் துருக்கிக்கு ஏற்பத் தங்கள் துருக்கியை வளைத்துக்கொண்டார்கள். எல்லைக்கு அப்பால் உள்ள பாஸர்கானிலும் மாகூவிலும் வீட்டுமொழிகள் அந்த அஜர்பைஜான் துருக்கியும் குர்துவும்தான். பாரசீகம் அங்கே பள்ளிக்கும் அரசுக்கும் உரிய மொழி. வரைபடத்தில் துருக்கி முடிந்து பாரசீகம் தொடங்கும் இடத்தில் உண்மையில் இரண்டு மொழிகளும் முடியவில்லை, தொடங்கவும் இல்லை. தேநீர் குடிக்கும் முறையும் அப்படியே. இந்தப் பகுதியில் சர்க்கரையைத் தேநீரில் போட்டுக் கலக்குவதில்லை. கட்டிச் சர்க்கரையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு கசந்த தேநீரை அதன்மேல் உறிஞ்சுகிறார்கள். ஈரானிலும் அதே வழக்கம். இஸ்தான்புல்காரர் ஒருவர் இங்கே வந்தால் அவருக்கு இது புதிது. மாகூக்காரருக்கு இது வீடு.

நான் தங்கிய விடுதியில் வேலை பார்த்த இளைஞன் ஆங்கிலம் அறிந்தவன். அவன் துணையோடு ஒரு முதியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். ஊரில் எல்லோரும் அவரை அம்ஜா என்று சித்தப்பா முறை வைத்து அழைத்தார்கள். நானும் அப்படியே அழைத்தேன்.

"அம்ஜா, உங்களுக்கு அந்தப் பக்கம் உறவுக்காரர்கள் உண்டா?"

"உறவுக்காரர்களா? என் தங்கையையே மாகூப் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறோம், மகனே. வண்டியில் போனால் ஒரு மணி நேரம். ஆனால் கடவுச்சீட்டு எடுக்க வேண்டும், நாட்டைவிட்டு வெளியே போவதற்குக் கட்டணம் கட்ட வேண்டும். இரண்டுக்கும் பணம் சேர்த்து முடிப்பதற்குள் அங்கே கல்யாணம் முடிந்துவிடும், குழந்தையும் பிறந்துவிடும்."

அவர் சொன்ன கட்டணம் உண்மையானது. துருக்கிக் குடிமக்கள் ஒவ்வொரு முறை வெளிநாடு போகும்போதும் அரசுக்கு ஒரு தொகை கட்டவேண்டும். இஸ்தான்புல்லிலிருந்து பாரிஸ் போகிறவருக்கும் அதே தொகை, தங்கை வீட்டுக்குப் போகிற முதியவருக்கும் அதே தொகை. அவரிடம் கோபம் இல்லை. கணக்குச் சொல்கிற குரல்தான். எனக்குக் கோபம் வந்தது. இந்தச் சட்டங்களை எழுதும் மேசைகள் எல்லாம் அங்காராவிலும் தெஹ்ரானிலும் இருக்கின்றன. ஒரு மணி நேர வழியில் தங்கை இருக்கிறவர்கள் அந்த மேசைகளில் உட்காருவதில்லை.

2017இல் துருக்கி இந்த எல்லையில் சுவர் எழுப்பத் தொடங்கியது. கான்கிரீட் பலகைகள், முள்கம்பி, காவல் கோபுரங்கள், பக்கத்திலேயே ரோந்துச் சாலை. கடத்தலைத் தடுக்கவும் ஆயுதக் குழுக்களைத் தடுக்கவும் என்றார்கள். ஆப்கானிஸ்தானிலிருந்து நடந்தே வருகிறவர்களின் வழியும் இந்த மலைகள்தான். டீசல், தேயிலை, சிகரெட் என்று ஈரானில் விலை குறைந்த எதுவும் குதிரை முதுகில் இந்தப் பக்கம் வந்த காலம் ஒன்று இருந்தது. அதைக் குற்றம் என்று ஊரில் யாரும் என்னிடம் சொல்லவில்லை. விவசாயத்துக்கு மிஞ்சிப்போனால் ஐந்தாறு மாதங்கள்தான். மீதி மாதங்களில் பனி. சுவர் வந்தபின் அந்த வருமானம் போனவர்கள் லாரி கழுவுகிறார்கள், அல்லது மேற்கே கட்டட வேலைக்குப் போய்விடுகிறார்கள்.

இஷாக் பாஷா அரண்மனையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை எல்லோரும் எல்லையோடு சேர்க்காமல் பார்க்கிறார்கள். ஊரிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் மேலே, சமவெளியைப் பார்த்தபடி ஒரு பாறைமேடையில் இருக்கிறது. 1685இல் தொடங்கி 1784இல் முடிந்த கட்டடம். வாயிலில் செல்ஜுக் பாணிச் செதுக்கல், உள்ளே ஒட்டோமான் மசூதி, தூண்களில் பாரசீகச் சாயல், கல்வேலையில் ஆர்மீனிய, ஜார்ஜியக் கைகளின் அடையாளம். சுவர்களுக்குள் சூடான காற்று ஓடுவதற்கு வழி வைத்திருக்கிறார்கள். இங்கே குளிர்காலம் எப்படி இருக்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். 2005இல் வந்த நூறு லிரா நோட்டின் பின்புறத்தில் இந்த அரண்மனையைத்தான் அச்சிட்டார்கள்.

இவ்வளவு செல்வம் இந்த வறண்ட மேட்டுக்கு எங்கிருந்து வந்தது? கீழே ஓடும் சாலைதான் பதில். கருங்கடல் துறைமுகமான திராப்சோனிலிருந்து எர்சுரும் வழியாக ஈரானின் தப்ரீஸுக்குப் போன வணிகப் பாதை இந்தப் பள்ளத்தாக்கின் வழியே சென்றது. ஒட்டகக் கூட்டங்கள் இந்தக் குன்றைக் கடக்காமல் எங்கும் போக முடியாது. அந்தப் பாதையின் மேல் உட்கார்ந்திருந்த குடும்பம் கட்டிய மாளிகை இது. இன்று அந்த வருமானம் எல்லையில் துருக்கிப் பக்கம் உள்ள குர்புலாக் சுங்கச் சாவடி வழியாக அங்காராவுக்குப் போகிறது. 2001 முதல் ஈரானின் இயற்கை எரிவாயுவும் இதே வாசல் வழியாகக் குழாயில் துருக்கிக்குள் வருகிறது. அதுவும் ஊரைத் தாண்டிப் போய்விடுகிறது.

அரண்மனைக்கு மேலே குர்துக் கவிஞர் எஹ்மதே கானியின் கல்லறை இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். தன் மக்கள் துருக்கியருக்கும் பாரசீகருக்கும் இடையில் சிக்கிக்கிடக்கிறார்களே என்று அப்போதே பாடியவர். அரண்மனையில் நின்று படமெடுத்தவர்கள் திரும்பிவிட, குடும்பம் குடும்பமாக உள்ளூர் மக்கள் கல்லறைக்கு நடந்தார்கள். பெண்கள் சுவரைத் தொட்டு வேண்டிக்கொண்டார்கள். எனக்கு அரண்மனையைவிட இந்த இடம்தான் மனதுக்கு நெருங்கியது. பைபிளின் பெருவெள்ளக் கதையில் வரும் நோவாவின் பேழை என்று காட்டப்படும் படகு வடிவ மண்திட்டுக்கும் போய்வரலாம். இயற்கையாக உருவான வடிவம் என்கிறார்கள் நிலவியலாளர்கள். அரை மணி நேரம் போதும்.

இனி கடக்கப் போகிறவர்களுக்கு. ஈரானில் வெளிநாட்டு வங்கி அட்டைகள் வேலை செய்யாது. பொருளாதாரத் தடைகளால் அந்த நாட்டின் வங்கிகள் உலக வலைப்பின்னலுக்கு வெளியே நிற்கின்றன. பணம் எடுக்கும் இயந்திரம் தோவுபயாசித்தோடு முடிந்துவிடும். ஈரானில் எத்தனை நாள் இருக்கப்போகிறீர்களோ அத்தனை நாளுக்கான பணத்தையும் டாலராகவோ யூரோவாகவோ கையில் கொண்டுபோக வேண்டும். இந்த ஒரு காரணத்துக்காகவே ஒரு முழு வேலைநாளை இந்த ஊருக்கு ஒதுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்கினால் வங்கி மூடியிருக்கும். ஈரான் நோட்டில் ரியால் என்று அச்சிட்டிருக்கும், கடைக்காரர் தோமானில் விலை சொல்வார். பத்து ரியால் ஒரு தோமான். இந்தக் கணக்கு கடைத்தெருவில் நாணயம் மாற்றுகிறவர்களோடு பேசிப் பேசித்தான் கைவரும். எல்லையில் அவசரத்தில் கற்றுக்கொள்ள முடியாது.

சொந்த வண்டியில் வருகிறவர்களுக்கு ஈரானுக்குள் நுழையக் கார்னே என்ற சுங்கப் பத்திரம் வேண்டும். வண்டியை அங்கேயே விற்றுவிடாமல் திரும்பக் கொண்டுபோவீர்கள் என்பதற்கான பிணை அது. விசாவில் தரைவழிப் பயணிக்கு எப்போதும் ஒரு படி கீழான இடம்தான். 2024 பிப்ரவரியில் ஈரான் இந்தியர்களுக்கு விசா விலக்கு அறிவித்தபோது எல்லோரும் மகிழ்ந்தோம். விமானத்தில் வந்து இறங்குபவர்களுக்கு மட்டுமே அது செல்லும் என்பது இரண்டாவது வரியில் இருந்தது. 2025 நவம்பரில் அதையும் நிறுத்திவிட்டார்கள்.

எனக்கு இது உறுத்துகிறது. ஏனென்றால் இந்தச் சாலையில் போன தலைமுறையினருக்குப் பாதை திறந்திருந்தது. 1960களிலும் 70களிலும் இஸ்தான்புல்லிலிருந்து புறப்பட்ட பஸ்கள் எர்சுரும், தோவுபயாசித், தப்ரீஸ், தெஹ்ரான், ஹெராத், காபூல், லாகூர், டெல்லி என்று காட்மாண்டு வரை ஓடின. 1979இல் ஈரானில் புரட்சி, அதே ஆண்டின் இறுதியில் ஆப்கானிஸ்தானில் சோவியத் படைகள். அந்த ஓட்டம் அதோடு நின்றது. டோக்கியோவில் தொடங்கி, இந்தியாவைக் குறுக்காகக் கடந்து, துருக்கியின் மேற்கு எல்லைவரை செல்லும் ஆசிய நெடுஞ்சாலை ஒன்று என்ற எண் இந்த ஊர்ச் சாலைக்கும் உண்டு. எண் மட்டும் அறுபடாமல் இருக்கிறது.

ஒரு பிற்பகல் லாரி வரிசையைப் பார்க்கவே எல்லைப் பக்கம் போனேன். சாலையோரம் கண்ணுக்கு எட்டிய தூரம்வரை நிற்கின்றன. சரக்குப் பெட்டிகளில் நீலப் பலகையும் அதில் டிர் என்ற எழுத்துகளும். முத்திரை வைத்த சரக்கை நாட்டுக்கு நாடு திறந்து பார்க்காமல் அனுப்ப 1975இல் ஐ.நா. கொண்டுவந்த ஒப்பந்தத்தின் அடையாளம். லாரியின் பக்கவாட்டில் ஒரு பெட்டியைத் திறந்தால் அதற்குள் அடுப்பு, தேநீர்க் கெண்டி, தக்காளி, வெங்காயம். ஓட்டுநர் ஒருவர் கவிழ்த்துப்போட்ட வாளியைக் காட்டி உட்காரச் சொன்னார். துருக்கியில் சனியும் ஞாயிறும் விடுமுறை, ஈரானில் வெள்ளி விடுமுறை, ஒரு முத்திரை தவறினால் வாரமே போய்விடும் என்று விரல்விட்டு எண்ணிக் காட்டினார். அவர் ஏற்றி வந்தது துணி நெசவு இயந்திரங்களின் உதிரிபாகங்கள். தன் மகளுக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்திருப்பதைப் படத்தோடு காட்டினார். முட்டையும் தக்காளியும் வதக்கி எனக்கும் பகிர்ந்தார், மறுக்க விடவில்லை.

எல்லையைக் கடந்த நாளன்று காலையில் தோல்முஷ் என்ற சிற்றுந்தில் குர்புலாக் போனேன். முப்பத்தைந்து கிலோமீட்டர், இடப்பக்கம் முழுக்க அராராத். வேனில் இருந்தவர்களில் பாதிப்பேர் ஈரான் பெண்கள். பைகளில் துணிமணி, முகப்பூச்சு, பிள்ளைகளுக்குக் காலணி. வழி முழுக்கச் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தவர்கள், துருக்கி முத்திரை விழுந்ததும் கைப்பையிலிருந்து முக்காட்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார்கள். பேச்சு நிற்கவில்லை. சுவரில் இருந்த தலைவர்களின் படங்கள் மாறின. கடிகாரம் அரை மணி முன்னே போனது. ஈரான் அதிகாரி என் தொழில் என்ன, எந்த ஊருக்குப் போகிறேன் என்று கேட்டுவிட்டு "நல்வரவு" என்றார்.

இந்த வாசல் மூடிய காலங்களும் உண்டு. 2020 பிப்ரவரியில் கொரோனா ஈரானில் பரவியபோது துருக்கி எல்லையை அடைத்தது. 2025 ஜூனில் இஸ்ரேல் ஈரானைத் தாக்கி, ஈரானின் வான்வெளி மூடப்பட்டபோது நிலைமை தலைகீழ்: விமானம் இல்லாத நாட்டைவிட்டு வெளியேறத் தரை எல்லைகள்தான் மிஞ்சின. விமானப் பயணிக்குக் கிடைத்த சலுகை எல்லாம் அன்று பயன்படவில்லை. பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்து வந்தவர்களுக்கு இந்தப் பக்கத்து எல்லையூர்கள்தான் முதலில் தேநீர் கொடுத்தன.

பாஸர்கானிலிருந்து மாகூவுக்குப் பகிர்வு டாக்சி கிடைத்தது. ஓட்டுநருக்கு ஐம்பது வயது இருக்கும். நான் தோவுபயாசித்தில் தங்கிவிட்டு வருகிறேன் என்று தெரிந்ததும் காரின் வேகத்தைக் குறைத்தார். அங்கே ஆட்டுக்கறி கிலோ என்ன விலை, டயர் என்ன விலை, ரொட்டி என்ன விலை என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்த நாட்களில் வேறெதைப் பேசினோம்? லிராவில் நான் சொன்னதைத் தோமானுக்கு மாற்றி உரக்கக் கணக்குப் போட்டார். டயர் விலைக்கு மட்டும் நம்பாமல் இரண்டாம் முறை கேட்டார். பின்னால் உட்கார்ந்திருந்த பெண்மணி நான் சொன்ன ரொட்டி விலையைத் திருத்தினார். மாகூவின் பெரும்பாறை கண்ணில் படும்வரை அந்தக் கணக்கு ஓடியது. பிறகு ஓட்டுநர் தப்ரீஸ் பஸ் நிற்கும் இடத்திலேயே கொண்டுபோய் இறக்கிவிட்டு, நடத்துநரிடம் என்னைச் சன்னலோரம் உட்காரவைக்கச் சொல்லிவிட்டுப் போனார்.